சாட்பாட் சொன்னதற்கு யார் பொறுப்பு?

2022 நவம்பரில், பாட்டி இறந்த செய்தி கேட்டு வான்கூவரிலிருந்து டொராண்டோ செல்ல வேண்டியிருந்த ஒருவர், ஏர் கனடா விமான நிறுவன இணையதளத்தில் தானாகப் பதில் சொல்லும் மென்பொருளான சாட்பாட்டிடம் துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை குறித்து விசாரித்தார். முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு, 90 நாட்களுக்குள் விண்ணப்பித்துச் சலுகையைப் பெறலாம் என்றது அது. அவரும் நம்பி எடுத்தார். பயணத்துக்குப் பின் விண்ணப்பித்தபோது, அதற்கு விதிகளில் இடமில்லை என்று நிறுவனம் கையை விரித்தது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, சாட்பாட்டின் செயலுக்குச் சாட்பாட்டே பொறுப்பு என்று பொருள்படும் வாதத்தை நிறுவனம் முன்வைத்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை நிராகரித்து, வட்டியும் வழக்குக் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 812 கனடிய டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

தொகை சிறியதுதான். ஆனாலும், இணையவழி வாடிக்கையாளர் சேவை இனி எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தத் தீர்ப்பைத்தான் என்பேன். பதில் எத்தனை நொடியில் வருகிறது என்பதைவிட, தவறான பதிலால் வரும் நட்டத்தை யார் ஏற்பது என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

நம் ஊர் இணைய வணிகத்தையே பாருங்கள். வாங்கிய பொருள் கைக்கு வந்திருக்காது; செயலியோ 'டெலிவரி செய்யப்பட்டது' என்று காட்டும். உதவிப் பக்கத்தைத் திறந்தால், தாமதம், சேதம், மாற்றித் தருதல் என்று வரிசையாக வரும் தெரிவுகளில் நம் பிரச்சினை மட்டும் இருக்காது. எதையோ ஒன்றை அழுத்தினால், சுற்றிச் சுற்றி அதே பட்டியலுக்கே வந்து சேருவோம். அங்கே நமக்கு வேண்டியது இனிமையான மன்னிப்பு அல்ல. பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரமுள்ள ஒரு மனிதர்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. ஒப்புகையைத் தானியங்கி மின்னஞ்சலே அனுப்பிவிட முடியும் என்பதால், நாம் கணக்குக் கேட்க வேண்டியது அந்த ஒரு மாதத்துக்குத்தான். அதுவும் பலிக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அப்போது சாட்பாட் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் கையில் இருந்தால் வலுவான சான்றாகும். பல செயலிகளில் உரையாடல் முடிந்ததும் அது மறைந்துவிடுவதால், பேசும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.