முழங்காலில் ஒரு காம்பு

மார்ச் 3
வண்டியில் மாட்டி இழுபட்ட பெட்டை நாய். பின்னங்காலில் முழங்காலின் உட்புறமும் அதற்குக் கீழே பாதித் தூரமும் தோல் உரிந்துவிட்டது. எலும்பு முறியவில்லை. இன்று கழுவிக் கட்டியதோடு சரி. எந்தச் சதை பிழைக்கும் என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மார்ச் 8
காயத்தின் அடி சிவந்து, மணல்மணலாகத் துளிர்த்துவிட்டது. தானாகச் சுருங்கி மூடட்டும் என்று விட்டால் மூட்டு மடங்காமல் போகும். சுற்றிலும் கிள்ளிப் பார்த்தேன். காலில் இழுக்கத் தோலே இல்லை. வயிற்றில் கிள்ளினால் கை நிறைய வருகிறது.

மனிதரின் தோலுக்கு இரத்தம் பெரும்பாலும் தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். நாய்க்கும் பூனைக்கும் தமனிகள் தோலுக்கு இணையாகவே ஓடுகின்றன. அப்படி ஒரு தமனியை அடியில் வைத்து வெட்டினால் மடல், அதாவது ஒரு முனை உடலோடு ஒட்டியிருக்கக் காயத்தின் மேல் திருப்பிவிடும் தோல் துண்டு, நீளமாக இருந்தாலும் உயிரோடிருக்கும். 1981-ல் மைக்கேல் பாவ்லெட்டிக் நாய்களில் இந்த வகை மடல்களை விவரித்தார். தமனியைக் கணக்கில் எடுக்காத சாதாரண மடல் இவ்வளவு தூரம் எட்டாது.

தொடையின் வெளிப்புறத்திலிருந்து திருப்பும் முழங்கால் மடலை வரைந்து வைத்தேன். பக்கத்திலேயே இருக்கிறது, சிறிய வேலை.

மார்ச் 9
இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. அந்த மடலுக்கான தமனி முழங்காலின் உட்புறம் வழியாகத்தானே வெளிப்புறத்துக்குப் போகிறது! உட்புறம்தான் உரிந்து கிடக்கிறது. குழாய் அறுந்த இடத்தில் தோட்டம் போடப் பார்த்திருக்கிறேன்.

அடிவயிற்று மடலுக்கு மாறினேன். அதன் தமனி தொடை இடுக்கில் வெளிவருகிறது. அங்கே காயம் இல்லை.

மார்ச் 10
வயிற்றின் நடுக்கோட்டில் ஒரு கீறல். பால்காம்பு வரிசைக்கு அப்புறம், அதே அளவு தள்ளி, இணையாக இன்னொன்று. இரண்டாவது, மூன்றாவது பால் சுரப்பிகளுக்கு நடுவில் நிறுத்தினேன். நீளம் கூடக் கூட நுனி பட்டினி கிடக்கும். தோலடித் தசையையும் சேர்த்தே தூக்க வேண்டும். தொடை இடுக்குக் கொழுப்பை நெருங்கியதும் கத்தியை வைத்துவிட்டுத் துணியால் ஒதுக்கினேன். தமனி அதற்குள்தான் இருக்கிறது. மடலைத் திருப்பிவிட்டுக் காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன், எங்கும் விறைக்கவில்லை. அடியில் உறிஞ்சு குழாய்.

மார்ச் 13
நுனி ஊதா நிறம். உதவி மருத்துவர் வெட்டிவிடலாமா என்றார். வேண்டாம் என்றேன். ஊதா இன்னும் கறுப்பாகவில்லை.

மார்ச் 16
நகக்கண் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் கறுத்துக் காய்ந்தது. அதை நறுக்கித் தைத்தேன். மற்றதெல்லாம் இளஞ்சூடாக, ரோஜா நிறத்தில். குழாயில் வடிதல் குறைந்துவிட்டது, எடுத்தாயிற்று.

மார்ச் 19
கணுக்கால் அருகே தோல் போன பூனை ஒன்று. உடல்வாகினால் பூனையில் இதே வயிற்று மடல் அங்கே வரைகூட எட்டும். ஆனால் பூனையில் சதை துளிர்ப்பது மெதுவாகத்தான், அவசரப்படப் போவதில்லை.

மார்ச் 24
நாய்க்குத் தையல் பிரித்தேன். புதுத் தோலில் முடி தலைகீழ்த் திசையில் முளைக்கிறது. முழங்காலுக்கு மேல் ஒரு காம்பு. வளர்க்கும் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதில் பால் வருமா, டாக்டர்?” என்று கேட்டார். சுரப்பி இடம் மாறினாலும் வேலையை விடாது, ஆனால் இவளுக்குக் கருத்தடை முன்பே ஆகிவிட்டது, கவலை வேண்டாம் என்றேன். நாய் அந்தக் காலாலேயே காதைச் சொறிந்துகொண்டது.