தாய்ப்பால் தர முடியாதபோது: அமெரிக்க இன்சூரன்ஸில் ஃபார்முலா கேட்பது எப்படி?

இரு மார்பகங்களையும் அறுவை சிகிச்சையில் இழந்த தாய், கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் தாய், பால் சுரக்கும் திசுவே போதாத தாய். இவர்களுக்குக்கூட சாதாரண ஃபார்முலா (குழந்தைக்கான பால் பவுடர்) செலவை அமெரிக்க இன்சூரன்ஸ் பொதுவாகத் தருவதில்லை. தாய்ப்பால் எடுக்கும் பம்புக்கும் தாய்ப்பால் ஆலோசனைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்ற சட்டத்தில் ஃபார்முலா இல்லை. அதை மருந்தாக அல்ல, உணவாகவே பார்க்கிறார்கள். அநியாயம்தான். ஆனாலும் தாயின் நோயைக் காட்டி கிளெய்ம் போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

வழி திறப்பது குழந்தைக்கு உள்ள நோயால்தான். கடுமையான பசும்பால் புரத ஒவ்வாமை இருந்து, நியோகேட், எலிகேர் போன்ற, முழுப் புரதம் இல்லாத அமினோ அமில ஃபார்முலா தேவைப்பட்டால் பல திட்டங்கள் ஏற்கின்றன. நியூயார்க், இல்லினாய், டெக்சஸ் மாநிலங்களில் இதற்குச் சட்டமே உண்டு. ஆனால் கம்பெனி தன் சொந்தப் பணத்தில் நடத்தும் 'செல்ஃப் ஃபண்டட்' திட்டத்தை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் இதுதான். ஹெச்ஆரிடம் முதலில் இதைக் கேளுங்கள். பிறந்த 30 நாளுக்குள் குழந்தையைத் திட்டத்தில் சேர்த்திருக்கவும் வேண்டும்.

டாக்டரின் கடிதம் வலுவாக இல்லாவிட்டால் மறுப்பு நிச்சயம். "ஒவ்வாமை உள்ளது" என்ற ஒரு வரி போதாது. நோயைக் குறிக்கும் குறியீட்டு எண், ஏற்கெனவே கொடுத்துப் பார்த்த ஃபார்முலாக்கள், மலத்தில் ரத்தம், எடை விவரம், எத்தனை மாதம் தேவை, ஒரு நாளைக்கு எத்தனை கலோரி என எல்லாம் வேண்டும். 5 கிலோ குழந்தை நாளுக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். அது 500 கலோரி. இந்த ஃபார்முலாவுக்கான B4161 என்ற பில்லிங் குறியீட்டில் 100 கலோரி ஒரு யூனிட், ஆக மாதம் 150 யூனிட். 400 கிராம் டப்பாவில் ஏறக்குறைய எட்டு. எடை கூடக் கூட இது பற்றாது. வரப்போகும் எடைக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கி ரசீது அனுப்பினால் பெரும்பாலும் திரும்பிவிடும். நெட்வொர்க்கில் உள்ள மருத்துவ உபகரண சப்ளையர் வழியாக, இன்சூரன்ஸின் முன் அனுமதியோடு வாங்க வேண்டும்.

மறுத்தால் 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். குழந்தையின் எடை இறங்குகிறது என்றால் 'அவசர அப்பீல்' என்றே கேளுங்கள், 72 மணி நேரத்தில் பதில் தந்தாக வேண்டும். அதுவும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு (இன்சூரன்ஸைச் சாராத ஒருவர் முடிவைப் பரிசீலிப்பது) கேட்கலாம். இடைப்பட்ட நாட்களுக்கு டாக்டரிடம் சாம்பிள் டப்பா கேளுங்கள். பவுடரைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டிக் கலக்கவே கூடாது; ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம்.

சாதாரண ஃபார்முலாதான் தேவை, வருமானமும் குறைவு என்றால் விக் (WIC) என்ற, தாய்-சேய்களுக்கான அரசு உணவு உதவித் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். முதல் பிறந்தநாள் வரை தருவார்கள், ஆனால் மாதம் முழுவதற்கும் போதாமல் போகலாம்.