அப்பாவும் ஹாரி கேரியும்

அப்பாவுக்கு இப்போதெல்லாம் காது அநேகமாகக் கேட்பதில்லை. டிவியில் தமிழ்ப் படம் போட்டால் பத்து நிமிடம்கூட உட்கார மாட்டார், எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில், எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டில், எனக்காக ஒரு பழைய கௌபாய் ஊமைப்படத்தை லேப்டாப்பில் ஓடவிட்டிருந்தேன். அந்தப் பக்கம் போனவர் நின்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் முதல் முழுநீளப் படமான ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ அது. வருடம் 1917, ஃபோர்டுக்கு வயது 23. ரொம்ப காலம் தொலைந்துபோன படம் என்றே நினைத்திருந்தார்கள். 1960களில்தான் செக் நாட்டு ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது.

அப்பா முப்பது வருடம் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் ‘சைஸ்’ வேலையில் இருந்தவர். கதையை விட்டுவிட்டுக் குதிரையைத்தான் பார்த்தார். “கடிவாளத்த எவ்ளோ லூசா பிடிச்சிருக்கான் பாரு. அந்தக் குதிர அவன நம்புது.”

இந்த ஆரம்பகாலப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணமும் அதுதான். அன்றைக்கு நிஜமாகவே மாடு மேய்த்தவர்கள் பலர் இவற்றில் குதிரை ஓட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்த பெரிய வண்ணப் படங்களில் உடை அழகாக இருக்கும், ஆனால் இந்தப் புழுதி இருக்காது.

கதாநாயகனாக நடித்த ஹாரி கேரி இதில் கூலிக்குக் கொலை செய்பவன். ஒரு விவசாயியைச் சுட வருகிறான். வந்த இடத்தில் அந்தக் குடும்பம் மகனைப் புதைத்துக்கொண்டிருக்கிறது. அவன் முகம் மெல்ல மெல்லக் கலங்குகிறது. ஒரு வார்த்தை கிடையாது. அந்த இடத்தில் நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். இமைக்காமல் இருந்தார்.

கேரிக்கு ஒரு பழக்கம், ஒரு கையால் மறு கையின் முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். 1956இல் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சியில் நடிகர் ஜான் வெய்ன் அதே மாதிரி நின்றது, இறந்துபோன கேரிக்குச் செய்த மரியாதை. இதை அப்பாவின் காதருகே சத்தமாகச் சொன்னேன்.

“நாளெல்லாம் கடிவாளம் பிடிச்சா அங்கதான்டா வலிக்கும்” என்று தன் முழங்கையைத் தடவிக் காட்டினார்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு ஊமைப்படக் கௌபாய் நடிகர் வில்லியம் எஸ். ஹார்ட்டின் படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். ஹார்ட்டின் குதிரை பேர் ஃப்ரிட்ஸ் என்றேன். உயரம் எவ்வளவு என்று கேட்கிறார்.