9 மில்லிமீட்டரில் நின்ற மவுத்பீஸ்

மவுத்பீஸ், அதாவது வாய் வைத்து ஊதும் முனை, 9 மில்லிமீட்டர்தான் உள்ளே போனது. அதற்கு மேல் நகரவில்லை. பார்சலைப் பிரித்த கையோடு டூபாவை (பேண்டில் கீழ் ஸ்வரங்கள் வாசிக்கும் பெரிய பித்தளை ஊதுகருவி) மடியில் வைத்து ஊதினேன். சத்தம் வந்தது. வந்து தொலைத்ததால்தான் ஒன்றரை மாதம் வீணாகப் போனது. காற்று மட்டும் வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

டூபா தாத்தாவுடையது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே பேண்டில் பேஸ் வாசித்தவர். மூன்று வால்வு வைத்த இ-ஃப்ளாட் டூபா. பெல்லில், அதாவது விரிந்த வாயில், பூசி அண்ட் ஹாக்ஸ் என்று பொறித்திருக்கும். அந்த இரண்டு கம்பெனிகளும் இணைந்தது 1930-இல், ஆகவே அதற்குப் பிந்தியது. வியாசர்பாடி வீட்டுப் பரணில் சாக்கு சுற்றிக் கிடந்ததை இறக்கித் துடைத்தேன். வால்வுகூட நன்றாக இருந்தது, மவுத்பீஸைத்தான் காணோம். ஒரு போகிக்கு முன்னால் பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டதாக அம்மா பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஆன்லைனில் 'டூபா மவுத்பீஸ்' என்று மட்டும் போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். கீழ் ஸ்வரங்கள் சுமாராக வந்தன. மேலே போகப் போக எதுவும் ஒரு இடத்தில் உட்காராமல் வழுக்கியது. கேட்டவர்கள் எல்லாரும் கப்பை, அதாவது மவுத்பீஸில் உதடு படும் கிண்ணத்தை, பற்றியே பேசினார்கள். கப் ஆழம் போதாது என்றார் ஒருவர், விளிம்பு அகலம் என்றார் இன்னொருவர். அதை நம்பி இரண்டாவதாக ஒன்று வாங்கினேன், ஐரோப்பிய அளவில் தண்டு (டூபாவுக்குள் நுழையும் பகுதி) போட்டது. அது உள்ளே நுழையவே இல்லை, வாசலில் நின்றது.

கடைசியில் டூபாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓட்டேரிக்குப் போனேன். அங்கே பேண்டு செட் நடத்தும் மாஸ்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். பார்த்ததும், "இன்னா தம்பி, பாதி வெளியவே நிக்குது?" என்றார். பேசிக்கொண்டே தன் பேஸ் டிராம்போன் மவுத்பீஸைக் கழற்றி என் டூபாவில் சொருகினார். 21 மில்லிமீட்டர் போய் கப்பென்று நின்றது. சத்தம் மெலிசுதான், டிராம்போன் கப் சிறியது, டூபாவின் வயிற்றை நிரப்பாது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் வந்து நின்றது. கப்பு தப்பு, தண்டு சரி என்றால் இப்படி. என்னுடையது அப்படியே தலைகீழ்.

அப்புறம்தான் விட்டம் அளக்கும் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தேன். பிராஸ் வாத்திய மவுத்பீஸ் தண்டு கூம்பு வடிவம். 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் கூடும். அதாவது விட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் உள்ளே போவதில் 2 மில்லிமீட்டர் மாறும். நான் வாங்கிய முதல் மவுத்பீஸ் அமெரிக்க அளவு, முனை விட்டம் 13.3. ஐரோப்பியது 13.9. பழைய பிரிட்டிஷ் இ-ஃப்ளாட் டூபாக்களுக்கோ இரண்டையும்விடச் சின்னத் தண்டு. என் டூபாவில் தண்டு சொருகும் குழாயான ரிசீவரின் வாய் 13.75. தண்டு 25 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டுமென்றால் முனை 12.5 இருக்க வேண்டும். 13.3-க்கும் 12.5-க்கும் 0.8 வித்தியாசம், 16 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். 25-இல் 16 போனால் 9. கணக்கு இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போனதும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

சின்னத் தண்டில் இன்றும் செய்கிறார்கள். டெனிஸ் விக் டூபா மவுத்பீஸில் எண்ணோடு 'எல்' எழுத்து இருந்தால் பெரிய தண்டு, வெறும் எண் என்றால் பழைய சின்னத் தண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். இங்கே கடைகளில் தண்டு அளவு கேட்டால் "டூபா சைஸ்தான் சார்" என்பதே பதில். மிஞ்சியது லேத்: தண்டைக் கடைந்து மெலிதாக்குவது.

முதல் பட்டறையில் ஏமாந்தேன். அவர் தண்டைக் கூம்பாகக் கடையாமல் நேர் உருளையாகக் கடைந்து கொடுத்துவிட்டார். உள்ளே நன்றாகப் போனது, ஆனால் ஆடியது. முனையில் ஒரு வளையம் மட்டும்தான் பிடிப்பு. மாஸ்டர் நூல் சுற்றலாம் என்றார், பேண்டுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. சுற்றினேன். ஆட்டம் நின்றது, ஆனால் ஸ்வரங்கள் மறுபடியும் வழுக்கின. (அந்த ஐரோப்பியத் தண்டைத்தான் முதல் பலியாகக் கொடுத்திருந்தேன், நல்லவேளை. அதில் கழிக்க வேண்டியது 1.4 மில்லிமீட்டர் என்பதால் முனை தகரம் மாதிரி மெலிந்துவிட்டது.)

இரண்டாவது லேத் தண்டையார்பேட்டையில். டர்னர் அறுபதைத் தாண்டியவர். நான் 1-க்கு 20 என்று ஆரம்பித்ததும், "டிரில் பிட்டுக்குப் பின்னாடி இருக்கிற மோர்ஸ் டேப்பர் மாதிரி, அவ்ளோதானே?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். வெட்டுளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை 1 டிகிரி 26 நிமிடம் சாய்த்தார். விளிம்பு நசுங்காமல் இருக்க மவுத்பீஸைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் தாடைகளுக்கு இடையே செம்புத் தகடு வைத்து, மறுமுனையை ரிவால்விங் சென்டரில் தாங்கினார். கடைவதற்கு முன்னால் தண்டு முனையின் சுவர் எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன்: 1.2 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 0.4 போனாலும் 0.8 மிஞ்சும், போதும்.

ஒரேயடியாகக் கடையவில்லை. 0.6 கழித்ததும் நிறுத்தி, எங்கே உரசுகிறது என்று காட்டும் நீல மையான புளூவைத் தண்டில் தடவி, ரிசீவரில் வைத்து லேசாகத் திருகி எடுத்தோம். தண்டு முழுக்கச் சீராகத் தேய்ந்திருக்க வேண்டிய புளூ ஒரு பக்கம் மட்டும் போயிருந்தது. கோணத்தில் பிழையில்லை, ரிசீவர் வாய்தான் நீள்வட்டமாக நசுங்கியிருந்தது. எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும். அதே டேப்பரில் ஒரு இரும்புக் குச்சி கடைந்து, எண்ணெய் விட்டு, உள்ளே வைத்துச் சுற்றிச் சுற்றி வட்டமாக்கினார். சுத்தியலைத் தொட விடவில்லை. பிறகு மிச்சம் 0.2. மவுத்பீஸ் 24 மில்லிமீட்டரில் இறுகியது. வெள்ளி முலாம் தண்டில் மட்டும் போய்ப் பித்தளை தெரிகிறது. உதடு படாத இடம், கவலையில்லை. கூலி 450 ரூபாய்.

வீட்டுக்கு வந்து டியூனர் வைத்து ஊதினேன். எல்லா ஸ்வரமும் ஒன்றுக்கொன்று சுத்தம், மொத்தமும் கிட்டத்தட்ட கால் ஸ்வரம் மேலே. தண்டு வெளியே நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏறக்குறைய 4 மீட்டர் குழாயில் 16 மில்லிமீட்டர் என்பது ஒன்றுமேயில்லை. பிரிட்டனின் பிராஸ் பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை, ஏ ஸ்வரத்தை இன்றைய வழக்கமான 440 ஹெர்ட்ஸில் வைக்காமல் 452 சொச்சத்தில் வைத்து வாசித்தன. தாத்தாவின் டூபா அந்தச் சுருதிக்குச் செய்தது. மவுத்பீஸ் இதற்கு மருந்தல்ல. குழாயின் நீளத்தை மாற்றிச் சுருதி சேர்க்கும் மெயின் டியூனிங் ஸ்லைடை ஐந்தரை சென்டிமீட்டர் இழுத்து, வால்வு ஸ்லைடுகளையும் அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சம் இழுத்து வாசிக்கிறேன். மெயின் ஸ்லைடு கழன்று விழ இன்னும் ஒரு விரல் அகலம்தான் பாக்கி.

பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்கு மாஸ்டரின் செட்டோடு நானும் போனேன். முடிந்து டீ குடிக்கும்போது அவர் தன் சவுசாஃபோனிலிருந்து (உடலில் மாட்டிக்கொள்ளும் டூபா வகை) மவுத்பீஸை உருவி, தண்டில் சுற்றியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே, "அந்த அளவுக்கோல் கொண்டாந்தியா?" என்றார்.