கார்த்தேஜ் அரங்கில் இரண்டு தாய்மார்கள்

துனிசியாவின் துனிஸ் நகரத்திலிருந்து ஏரியின் குறுக்கே ஓடும் சின்ன ரயிலில் ஏறி, கார்த்தேஜ் ஹன்னிபால் நிலையத்தில் இறங்கினோம். கூட இறங்கிய சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கடலோரத்து ரோமானியக் குளியல் மண்டபத்தைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம், பிர்சா குன்றுக்கு அப்பால் இருக்கும் பழைய வட்டரங்கைத் தேடி மேடேறினோம்.

ரோமாபுரியின் கொலோசியம் போல எதையும் அங்கே எதிர்பார்க்க முடியாது. கற்களைப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது மரங்கள் சூழ்ந்த ஒரு நீள்வட்டப் பள்ளம், தாழ்ந்த சுவர்கள், உள்ளே ஒரு சிற்றாலயம். கி.பி. 203 மார்ச் 7 அன்று பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் தோழர்களோடு வேதசாட்சிகளாக உயிர்விட்ட இடம் இதுவே என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. 1,700 ஆண்டுகள் கழித்து, 1903-இல், அவர்கள் நினைவாக எழுந்தது அந்தச் சிற்றாலயம். முழந்தாளிட்டு ஜெபித்துவிட்டு, பெர்பெத்துவா சிறையில் எழுதிய குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தானே எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

அவளுக்கு அப்போது வயது 22 இருக்கும். நல்ல குடும்பம், படித்தவள், மடியில் பால்குடி மறக்காத ஆண்குழந்தை. செப்டிமியுஸ் செவேருஸ் ரோமைப் பேரரசனாக இருந்த காலம். திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதே பிடித்துப் போனார்கள். காவலில் இருக்கும்போதுதான் திருமுழுக்குப் பெற்றாள். சிறையைப் பற்றி அவள் எழுதுவது இருட்டு, புழுக்கம், நெரிசல், படைவீரர்களின் கெடுபிடி, எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளையைப் பற்றிய கவலை. இரண்டு திருத்தொண்டர்கள் பணம் கொடுத்து, சில மணி நேரம் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் செய்தார்கள். அங்கேதான் பசியில் துவண்டிருந்த குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பிறகு குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனையாகிவிட்டது என்கிறாள்.

அரங்கில் மிருகங்களுக்கு இரையாக்கும் தீர்ப்பு வந்த பின் அவளுடைய அப்பா குழந்தையை அனுப்ப மறுத்துவிட்டார். அந்த இடத்தில் அவள் எழுதியிருப்பது இதுதான்: தேவ சித்தத்தால் பிள்ளையும் பாலைத் தேடவில்லை, எனக்கும் பால் கட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைக்குப் பால் மறக்கடித்த எந்தத் தாயும் இந்த வரியைச் சும்மா கடந்துபோக மாட்டாள். ஜுரமும் வலியுமாக நான் பட்ட நாட்கள் நினைவுக்கு வந்து, அடுத்த பக்கத்தைப் புரட்ட நேரமாயிற்று.

அந்த அப்பாவைப் பிரசங்கங்களில் சோதனைக்காரனாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். நரைத்த தலையைக் காட்டி, கையை முத்தமிட்டு, காலில் விழுந்து கெஞ்சியவர் அவர். விசாரணையில் ஆளுநர் பொறுப்பில் இருந்த ஹிலாரியானுஸ் அவரைப் பிரம்பால் அடிக்க வைத்தபோது, அடி தன் மேலேயே விழுந்தது போல் வலித்தது என்று மகள் எழுதுகிறாள். அவள் அவரை வெறுக்கவே இல்லை. விசுவாசம் பாசத்தை மரக்கடித்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டும்.

சரி, பெலிசித்தா? அவள் எழுதியது ஒன்றும் நம்மிடம் இல்லை. அடிமைப் பெண். பெர்பெத்துவாவின் அடிமை என்று சொல்வார்கள். அந்தப் பழைய பதிவில் அப்படி இல்லை. கைதாகும்போதே கர்ப்பமாயிருந்தாள். கர்ப்பிணியைத் தண்டிக்கச் சட்டம் இடம் தராததால், தோழர்களை விட்டுப் பிரிந்து பின்னால் யாரோ குற்றவாளிகளோடு சாக வேண்டியிருக்குமோ என்பதுதான் அவள் பயம். எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. இதற்கே அலறுகிறாயே, மிருகங்களுக்கு முன்னால் என்ன செய்வாய் என்று காவலன் ஒருவன் இளக்காரமாகக் கேட்டான். இப்போது படுவது என் வேதனை. அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் பாடுபடுவார், நானும் அவருக்காகவே பாடுபடுவேன் என்றாள். பிறந்தது பெண். கிறிஸ்தவச் சகோதரி ஒருத்தி தன் மகளாகவே வளர்த்தாள்.

இருவரையும் ஆடை களைந்து, வலையில் சுற்றி அரங்குக்கு இழுத்து வந்தபோது, ஒருத்தி இளம் பெண், இன்னொருத்தி பால் சொட்டும் புதுத்தாய் என்று கண்டு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே கூசிப்போனது. திரும்பக் கொண்டுபோய் உடை உடுத்திக் கொண்டுவந்தார்கள். வெறிபிடித்த பசு முட்டித் தள்ளியது. பெர்பெத்துவா கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மூடினாள், ஊசி கேட்டுக் கூந்தலை முடிந்துகொண்டாள். அவிழ்ந்த தலை துக்கத்தின் அடையாளம். மகிமையின் நாளில் அது கூடாதாம். அப்புறம் கீழே கிடந்த பெலிசித்தாவைப் பார்த்தாள், போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். உயர்குடிப் பெண்ணும் அடிமையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு இந்த வரலாற்றின் உச்சம் இதுதான், பின்னால் அவர்கள் உயிரைப் பறித்த வாள் அல்ல. அதற்காகவே அங்கே நின்று நன்றி சொன்னேன்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வட ஆப்பிரிக்க ஆயரான புனித அகுஸ்தீனார் இவர்களுடைய திருநாளில் மறையுரை ஆற்றியிருக்கிறார். நம் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டிலும் பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா, அனஸ்தாசியா என்று பெயர்கள் வரும். விட்டுவிடவும் அனுமதி உண்டு என்பதால் பல இடங்களில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வரும் மார்ச் 7 பூசையில் ஒரு பெயரும் விடாமல் வாசிக்கும்படி எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன்.