காருக்கு எங்கே போவது?

காரிலேயே உட்கார்ந்து படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர் 1933-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் தொடங்கியது. முன்பு கார் ஜன்னலில் ஸ்பீக்கர் மாட்டுவார்கள், அப்புறம் வசனம் கார் ரேடியோவிலேயே வந்தது. டிவியும் நில விலையும் சேர்ந்து பெரும்பாலானவற்றை மூடவைத்தன. 2020 கொரோனா சமயத்தில் திரும்பவும் கூட்டம்.

நம்ம காரைக்குடிப் பக்கம் காருக்கு எங்கே போவது? மணலைக் குவித்து உட்கார்ந்த டூரிங் டாக்கீஸ்தான் நமக்கு. இத்தனைக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏவி.எம். செட்டியார் சென்னையை விட்டு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோவே நடத்தினார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே எடுத்த படம்! சினிமாவே எடுத்த ஊரில் திறந்தவெளித் திரை ஒன்று கட்டக்கூடாதா? பொட்டலுக்கா பஞ்சம்? ஆனால் முன்வரிசையைப் பாய் விரிப்பவர்களுக்கு விட்டுவிட வேண்டும். கார்க்காரர்கள் பின்னால் நிற்கட்டும். சரி, யார் யார் வர்றீங்க?