குளிரில் வெளிறிய நானோகுளோராப்சிஸ்: நிறத்தை விட்டு எண்ணிக்கைக்கு

28 டிகிரியில் வளர்ந்துவந்த நானோகுளோராப்சிஸ் ஆகுலாட்டா என்னும் கடல் நுண்பாசியின் ஒரு புட்டியைச் சில்லர் தொட்டியில் 20 டிகிரிக்கு இறக்கி, மற்றொன்றை 28இலேயே விட்டிருந்தேன். இறக்கியது ஒருவழியாகப் பழகிவிட்டது. செல் எண்ணிக்கையின் மடக்கையை நாள்வாரியாக வரைந்தால், அடுத்தடுத்த மறுவளர்ப்புகளில் கோட்டின் சாய்வு மாறாமல் வருகிறது. ஊடகம், கடல் பாசிகளுக்கான வழக்கமான ஊட்டக் கரைசலான எஃப்/2. விளக்கையும் உப்புத்தன்மையையும் தொடவில்லை.

இறக்கிய சில நாட்களில் குளிர்ப்புட்டி வெளிறியது. ஒளியைப் பிடிக்கும் வேலை வெப்பநிலையை அவ்வளவாகச் சார்ந்ததன்று. பிடித்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் நொதிகளோ குளிரில் மந்தமாகிவிடுகின்றன. ஆகவே அதே விளக்கு குளிர்ந்த செல்லுக்கு மிகையான வெளிச்சமாகிவிட, செல் தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதனால் பச்சையின் அடர்த்தியைக் கொண்டு இரு புட்டிகளின் வளர்ச்சியை ஒப்பிடுவது வீண். எண்ணித்தான் ஆக வேண்டும்.

எண்ணுவதுதான் உயிரை வாங்கும் வேலை. 2 முதல் 4 மைக்ரான் அளவே உள்ள இந்தச் செல்கள் நியூபவர் சேம்பரின் (செல் எண்ணுவதற்கான கட்டமிட்ட கண்ணாடித் தகடு) 0.1 மி.மீ. ஆழத்தில் உடனே அடியில் தங்குவதில்லை. வெவ்வேறு மட்டங்களில் மிதந்துகொண்டு, 40 மடங்குப் பொருளருகு வில்லையில் ஒன்று தெளிந்தால் மற்றொன்று மங்குகிறது. படிய விட்டுக் காத்திருந்தால் மின்விசிறிக் காற்றில் சேம்பரின் ஓரம் உலர்ந்து, நீர் ஒதுங்கிக் கணக்கே கெடுகிறது. ஈரத் தாள் விரித்த பெட்ரித் தட்டில் சேம்பரை வைத்து மூடி, படிந்தபின் எடுத்து எண்ணுவதே எனக்குக் கைகொடுத்த வழி. நான்கு மூலைச் சதுரங்களின் சராசரியைப் பத்தாயிரத்தாலும் நீர்த்த மடங்காலும் பெருக்கினால் மில்லிலிட்டருக்கான எண் கிடைக்கும். இருபது ரூபாய்ப் பெட்ரித் தட்டு செய்த வேலையை, விலையுயர்ந்த கவர் கண்ணாடி செய்யவில்லை.

மிதவைப் பாசிகளின் வளர்ச்சி வேகத்துக்குக் கடலியலாளர் எப்லி 1972இல் தொகுத்த வரம்புக்கோட்டின்படி, பத்து டிகிரி கூடினால் உச்ச வளர்ச்சி வேகம் சுமார் 1.88 மடங்காகிறது, எட்டு டிகிரிக்கு அது ஏறத்தாழ 1.66 மடங்கு. என் புட்டிகளுக்கிடையே வித்தியாசம் அதைவிடச் சற்றுக் கூடுதல். அந்தக் கோடு பல இனங்களுக்கும் பொதுவான மேல் எல்லை என்பதால், ஓர் இனம் அதிலிருந்து விலகுவது வியப்பன்று.

குளிரிலிருந்து மீண்டும் 28க்கு ஏற்றிப் பார்ப்பது இன்னும் பாக்கி. அதற்குள், ஓட்டுக்குச் சிலிக்கா தேவைப்படும் கீட்டோசெராஸ் என்ற டயாட்டம் பாசிக்காகச் சோடியம் மெட்டாசிலிக்கேட் வாங்கிவிட்டேன். விதைக் கல்ச்சரை மட்டும் இம்முறை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்தே பெறுவதாக உத்தேசம், ஏனெனில் இணையத்தில் வாங்கிய சென்ற புட்டியில் பாசியைவிட, அதைத் தின்னும் ஒருசெல் உயிர்களான சிலியேட்டுகளே செழித்திருந்தன.